பால்வீதியை நிறுப்பது எப்படி: கோளக் கொத்துகளின் ஓட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைகாசி பிறக்கிற நாட்களில், முகிலும் இல்லாமல் நிலவும் இல்லாமல் ஓர் இரவு வாய்த்தால், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்துக்குப் போவேன். ஒரு பழைய 6 அங்குலத் தொலைகாட்டி, இரண்டு பைனாகுலர், ஒரு பெட்டி நுளம்புத்திரி, அவ்வளவுதான் ஆயத்தம். ஒருமுறை தெற்கே ஒமேகா சென்டோரி என்ற கொத்தைக் காட்டிவிட்டு, "இப்படியான கொத்துகள் ஓடுகிற ஓட்டத்தை வைத்துத்தான் எங்கள் பால்வீதியையே நிறுத்திருக்கிறார்கள்" என்று வாய்விட்டுவிட்டேன். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. பாலத்தில் நின்று சொல்லும் பதிலில் பாதியைக் காற்று கொண்டுபோய்விடுகிறது. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கோளக் கொத்து என்றால் என்ன? கார்த்திகைக் கூட்டமும் அதுதானே?

இல்லை. கார்த்திகை என்று நாம் காட்டும் கூட்டம் இளசு. வயது சுமார் 10 கோடி ஆண்டு. அதில் உள்ள விண்மீன்கள் ஆயிரம் சொச்சம், அவையும் பிறந்த இடத்திலிருந்து மெல்ல மெல்லச் சிதறிக்கொண்டிருப்பவை. கோளக் கொத்து வேறு சாதி. லட்சக்கணக்கான விண்மீன்கள் தங்கள் ஈர்ப்பினாலேயே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து உருண்டையாக நிற்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு வயது 1,000 கோடி ஆண்டுக்கு மேல். எங்கள் பால்வீதியில் 150க்கு மேற்பட்டவை தெரியவந்துள்ளன.

ஒமேகா சென்டோரி இவற்றில் மிகப் பெரியது. தூரம் சுமார் 17,000 ஒளியாண்டு, திணிவு ஏறத்தாழ 40 லட்சம் சூரியன். வெறுங்கண்ணுக்கு மங்கிய விண்மீன் போலத் தெரிவதால் பழைய பட்டியல்களில் விண்மீன் என்றே எழுதி வைத்தார்கள். அது விண்மீன் இல்லை என்று 1677இல் சென் ஹெலேனா தீவிலிருந்து பார்த்துக் குறித்தவர் எட்மண்ட் ஹாலி. பைனாகுலரில் இலவம் பஞ்சுத் துண்டு மாதிரி இருக்கும். தொலைகாட்டியில் பார்த்த ஒரு பொடியன் "கறுத்தத் துணியில் ரவையைக் கொட்டினது போல" என்றான். அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியவில்லை.

தராசு இல்லாமல் எப்படி நிறுக்கிறது, சேர்?

வகுப்பில் செய்த பரிசோதனையை நினைத்துப் பாருங்கள். பேனாக் குழாய் ஒன்றுக்குள் தங்கூசி நூலை விட்டு, மேல் நுனியில் ஒரு றப்பர் அடைப்பானையும் கீழ் நுனியில் சில இரும்பு வளையங்களையும் கட்டித் தலைக்கு மேலே சுழற்றுவோம். கீழே தொங்குகிற நிறைக்கு ஏற்ற வேகத்தில் சுழற்றினால்தான் ஆரை மாறாமல் நிற்கும். வளையத்தைக் கூட்டினால் அதே ஆரையில் நிற்க இன்னும் கெதியாகச் சுழற்ற வேண்டும். இப்போது கீழே என்ன தொங்குகிறது என்று ஒருவர் மறைத்துப் பிடிக்கட்டும். மேலே சுற்றும் அடைப்பானின் வேகத்தையும் ஆரையையும் மட்டும் பார்த்து, கீழே எத்தனை வளையம் என்று மற்றவர் சொல்லிவிடலாம். வான்பொருட்களை நிறுப்பதும் இதேதான். நூலுக்குப் பதில் ஈர்ப்பு.

ஈர்ப்புக்கு விதி இது: வேகத்தை வர்க்கித்து, தூரத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் திணிவுக்கு நேர்விகிதமான எண் வரும். ஈர்ப்பு மாறிலி ஞாபகம் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பூமி செக்கனுக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. அந்த வேகத்தையும் பூமி–சூரியன் தூரத்தையும் ஒவ்வோர் அலகு என்று எடுத்தால், விடை ஒரு சூரியத் திணிவு. மற்ற எல்லாவற்றையும் இதோடு ஒப்பிட்டால் போதும்.

சூரியனையே எடுப்போம். அது பால்வீதியின் மையத்தைச் செக்கனுக்கு ஏறத்தாழ 220 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகிறது. 220ஐ 30ஆல் பிரித்து வர்க்கித்தால் சுமார் 54. மையத்துக்குத் தூரம் சுமார் 26,000 ஒளியாண்டு. ஓர் ஒளியாண்டு என்பது பூமி–சூரியன் தூரத்தைப் போல 63,000 மடங்குக்குக் கொஞ்சம் அதிகம், ஆகவே மொத்தத் தூரம் 164 கோடி அலகு. 54ஐ 164 கோடியால் பெருக்கினால் 8,856 கோடி. சூரியனின் பாதைக்கு உள்ளே ஏறத்தாழ 9,000 கோடி சூரியன்களின் திணிவு கிடக்கிறது. கல்குலேற்றர்கூட வேண்டாம்.

அப்படியென்றால் சூரியனை வைத்தே வேலை முடிந்ததே. கொத்துகள் எதற்கு?

முடியவில்லை. "உள்ளே" என்ற சொல்லைக் கவனியுங்கள். திணிவு மையத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒரேபோலப் பரவியிருந்தால், சுற்றும் பொருளுக்கு வெளியே இருக்கும் ஓடு அதை எந்தப் பக்கமும் இழுக்காது. நியூட்டன் காட்டிய விடயம் இது. ஆகவே சூரியன் தன் பாதைக்கு உள்ளே இருப்பதை மட்டும் சொல்லும். வெளியே எவ்வளவு இருந்தாலும் அதற்குத் தெரியாது. வெளியே இருப்பதை நிறுக்க வெளியே ஓடுகிற ஒன்று வேண்டும்.

சூரியனும் பெரும்பாலான விண்மீன்களும் தட்டையாகப் பரந்து சுழலும் பகுதிதான் பால்வீதியின் தட்டு; அது அவ்வளவு தூரம் போகாது. தனி விண்மீன்கள் அங்கே சில உண்டு, ஆனால் மங்கல். கோளக் கொத்துகளோ தட்டுக்கு மேலேயும் கீழேயும் ஒரு லட்சம் ஒளியாண்டைத் தாண்டியும் சிதறிக் கிடக்கின்றன. நல்ல கொத்து ஒன்று ஒரு லட்சம் சூரியன் சேர்ந்த பிரகாசம் காட்டும். அதனால் தூரத்திலும் கண்ணுக்கு அகப்படும்.

இவை நமக்கு வழிகாட்டுவது இது முதல்முறையும் அல்ல. கொத்துகள் வானம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை, தனுசுப் பக்கமாகக் குவிந்திருக்கின்றன. அதை வைத்துத்தான் 1918 வாக்கில் ஹார்லோ ஷாப்லி, பால்வீதியின் மையம் அந்தப் பக்கம் இருக்கிறது, சூரியன் ஓரத்தில் கிடக்கிறது என்று காட்டினார். ஆடி மாதத்து இரவில் பைனாகுலரோடு தனுசைத் துழாவினால் நீங்களும் இந்தக் குவியலை உணரலாம். கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே எம் 4 என்ற கொத்து ஒன்று இருக்கிறது. சுமார் 6,000 ஒளியாண்டு, நமக்கு மிகக் கிட்டியவற்றில் ஒன்று.

ஆனால் கொத்துகள் வட்டத்தில் சுற்றுவதில்லையே? சூத்திரம் எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி. வகுப்பில் இதைக் கேட்கிற பிள்ளைக்குப் பௌதிகம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

கொத்துகள் தேர் வீதியில் ஒழுங்காகப் போகும் சனம் மாதிரி இல்லை. குளவிக்கூட்டைக் கலைத்தது போல ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் ஓடுகிறது. ஒன்று நீண்ட ஒடுங்கிய பாதையில் மையத்துக்குக் கிட்ட விழுந்து மீண்டும் வெளியே போகும், இன்னொன்று ஏறத்தாழ வட்டமாக வரும். தனித்தனியே பார்த்தால் ஒன்றும் விளங்காது. மொத்தமாகப் பார்க்க வேண்டும். வேகங்களின் பரம்பல் எவ்வளவு அகலம்? புள்ளிவிபரவியலில் படித்த நியம விலகல்தான். வானியலில் அதை வேகச் சிதறல் என்று சொல்லலாம். உள்ளே திணிவு கூட இருந்தால் வேகமான கொத்தையும் தப்பவிடாமல் பிடித்து வைத்திருக்கலாம், சிதறலும் பெரிதாக இருக்கும். திணிவு குறைவாக இருந்தால் வேகமானவை எப்போதோ ஓடிப்போயிருக்கும், மிஞ்சியவை எல்லாம் மெதுவானவையாக இருக்கும்.

பால்வீதியின் வெளிப்புறக் கொத்துகளில், ஒரு திசையில் மட்டும் அளந்தால் சிதறல் செக்கனுக்குச் சுமார் 120 கிலோமீற்றர். பூமியின் வேகத்தைப் போல 4 மடங்கு, வர்க்கித்தால் 16. திசைகள் மூன்று, ஆகவே 48. இப்போது 1,29,000 ஒளியாண்டு தூரம் வரை போவோம். அது 816 கோடி பூமி–சூரியன் தூரம். 48ஐ 816 கோடியால் பெருக்க 39,168 கோடி. அந்த எல்லைக்குள் ஏறத்தாழ 40,000 கோடி சூரியத் திணிவு.

இந்த எண்ணை மறக்காதீர்கள், கீழே திரும்ப வரும்.

வேகத்தை அளப்பது எப்படி? அவ்வளவு தூரத்தில் ஒன்று நகர்வது தெரியுமா?

பண்ணைப் பாலத்தில் இரவு நின்று வேலணைப் பக்கம் பாருங்கள். நேராக உங்களை நோக்கி வரும் மோட்டார்சைக்கிளின் விளக்கு அசையாமல் நிற்பது போல இருக்கும். என்ன வேகம் என்று கண்ணால் சொல்ல முடியாது. குறுக்கே போகும் வள்ளத்தின் விளக்கு நகர்வது தெரியும், ஆனால் அது எவ்வளவு தூரத்தில் போகிறது என்று தெரியாவிட்டால் அதற்கும் வேகம் சொல்ல முடியாது. வானத்திலும் இந்த இரண்டு வகைதான்.

நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகத்துக்கு டொப்ளர் விளைவு இருக்கிறது: விலகிப் போவதன் ஒளி சிவப்புப் பக்கமும், நெருங்கி வருவதன் ஒளி நீலப் பக்கமும் தள்ளும். கொத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையில் கல்சியத்தின் கோடு ஒன்று 854.2 நானோமீற்றரில் விழ வேண்டும். கொத்து 120 கிலோமீற்றர் வேகத்தில் விலகிப் போனால் அந்தக் கோடு 0.34 நானோமீற்றர் சிவப்புப் பக்கம் தள்ளி விழும். சின்ன எண்தான், ஆனால் இது பல பத்தாண்டுகளாகத் தாராளமாக அளக்கக்கூடியது. இதற்குத் தூரம்கூடத் தெரிய வேண்டியதில்லை.

வில்லங்கம் குறுக்கே போகும் வேகத்தில்தான். 33,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ள கொத்து செக்கனுக்கு 47 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்கே ஓடினால், ஒரு முழு வருடத்தில் வானத்தில் அது நகரும் கோணம் என்ன தெரியுமா? யாழ்ப்பாணம் ரவுணில் நின்றுகொண்டு கொடிகாமத்தில் யாரோ தூக்கிப் பிடிக்கும் ஒற்றைத் தலைமயிரின் தடிப்பைப் பார்ப்பது போல. அவ்வளவுதான். அதனால்தான் நீண்ட காலம் வெறும் டொப்ளர் வேகத்தை மட்டும் வைத்து, மற்ற இரண்டு திசைகளிலும் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்துக் கணக்குப் போட்டார்கள். நானும் மேலே 3ஆல் பெருக்கியபோது சத்தமில்லாமல் அதைத்தான் செய்தேன்.

அந்த ஊகம் சின்ன விடயம் இல்லை. கொத்துகள் பெரும்பாலும் மையத்தை நோக்கி விழுந்தெழும் பாதையில் ஓடுகின்றனவா, வட்டமாக ஓடுகின்றனவா என்பதைப் பொறுத்து, அதே டொப்ளர் வேகங்களுக்கு வேறு வேறு திணிவு வரும். ஒரு கையால் ஒரு முடிச்சை அவிழ்க்கப் பார்ப்பது மாதிரியான நிலை.

நிலைமையை மாற்றியது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கையா விண்கலம். 2013 டிசம்பரில் ஏவப்பட்டது, 2025 ஜனவரியில் அவதானிப்பை நிறுத்தியது. அதன் இரண்டாவது தரவு வெளியீடு 2018 ஏப்ரலில் வந்தபோது, பல கொத்துகளின் குறுக்கு வேகம் முதன்முறையாக நம்பிக்கையோடு கிடைத்தது. இன்னும் தூரத்தில் உள்ள சிலவற்றை ஹபிள் தொலைகாட்டி வருடக்கணக்கில் இடைவெளி விட்டுப் படமெடுத்து அளந்திருந்தது. பின்னால் இருக்கும் தூர விண்மீன் திரள்கள் (எங்கள் பால்வீதி போன்றவை) நகரா, அவற்றை ஆணியாக வைத்துக்கொண்டு கொத்து எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பார்கள்.

சரி, கடைசியில் பால்வீதி எவ்வளவு நிறை?

2019இல் லோரா வொட்கின்ஸ் குழுவினர் கையாவின் 34 கொத்துகளையும் ஹபிளின் 12 கொத்துகளையும் சேர்த்து, மொத்தம் 46 கொத்துகளில் கணக்கிட்டார்கள். 1,29,000 ஒளியாண்டுக்குள் சுமார் 42,000 கோடி சூரியத் திணிவு. மேலே நாம் விரல்விட்டு எண்ணியது 39,000 கோடிச் சொச்சம். பாதி அதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்றப் பாதி உயர்தரப் பௌதிகம்.

செய்திகளில் வந்த எண் இது இல்லை. "பால்வீதியின் நிறை ஒன்றரை லட்சம் கோடி சூரியன்" என்றுதான் போட்டார்கள். அதுவும் அதே ஆய்வின் எண்தான், ஆனால் அது கொத்துகள் இருக்கும் எல்லையைத் தாண்டி, இருண்ட பொருள் (ஒளிவிடாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள்) இன்னும் வெளியே இன்னபடி பரவியிருக்கும் என்ற மாதிரியை வைத்து நீட்டிய எண். வழு வரம்பைப் பார்த்தாலே தெரியும்: சுமார் 1.1 லட்சம் கோடியிலிருந்து 2.3 லட்சம் கோடி வரை. என்னைக் கேட்டால் 42,000 கோடியைத்தான் நம்பிச் சொல்வேன். அது கொத்துகள் ஓடித்திரியும் இடத்துக்குள் அளந்தது. ஒன்றரை லட்சம் கோடி, கிணற்றின் வாயைப் பார்த்து ஆழம் சொல்வது போன்றது. அனுபவசாலி சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் கயிறு விட்டுப் பார்த்தது இல்லை.

பால்வீதியின் எல்லா விண்மீன்களையும் கூட்டினால் 5,000 கோடி, 6,000 கோடி சூரியத் திணிவுதான் வரும். 42,000 கோடிக்கும் அதற்கும் இடையில் இருப்பதுதான் இருண்ட பொருள். அது எதனால் ஆனது என்று கேட்காதீர்கள். அது வேறொரு இரவுக்கான கேள்வி.

வேறு முறையில் வேறு எண் வருகிறதாமே?

வருகிறது. 2023இல் கையாவின் மூன்றாவது வெளியீட்டை வைத்துத் தட்டு விண்மீன்களின் சுழற்சி வேகத்தை ஆராய்ந்த குழுவொன்று, வெளியே போகப் போக வேகம் விழுகிறது, பால்வீதியின் மொத்தமே சுமார் 20,000 கோடிதான் என்று சொன்னது. கொத்துகள் சொல்வதில் பாதியும் இல்லை. எனக்கு அதில் இன்னும் மனம் ஒப்பவில்லை. தட்டு முடிகிற இடத்தில் விண்மீன்கள் ஒழுங்காக வட்டத்தில் சுற்றுகின்றன என்ற எடுகோளே ஆட்டம் காண்கிறது. ஆனால் கொத்து முறைக்கும் அதற்கேயான ஆட்டங்கள் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது.

என்ன ஆட்டங்கள்?

முதலாவது, 46 கொத்துகள் என்றால் 46 சுதந்திரமான சாட்சிகள் என்று நினைக்கக் கூடாது. தனுசுப் பக்கம் ஒரு குட்டி விண்மீன் திரளைப் பால்வீதி விழுங்கிக்கொண்டிருக்கிறது. 1994இல் கண்டுபிடித்தார்கள். எம் 54 என்ற கொத்து அதன் நடுவிலேயே இருக்கிறது. அதோடு சேர்ந்து வந்த வேறு கொத்துகளும் ஒரே ஓடையில் ஓடுகின்றன. தேர்தல் நேரம் கருத்துக் கேட்கப் போய், ஒரே வீட்டில் ஐந்து பேரிடம் கேட்டுவிட்டு ஐந்து வீட்டில் கேட்டேன் என்று எழுதுவது போலாகிவிடும். இதைவிட, சுமார் 1,000 கோடி ஆண்டுக்கு முன் பெரிய திரளொன்று மோதிக் கலந்திருக்கிறது என்று 2018இல் கையா தரவுகள் காட்டின. அதனுடைய கொத்துகள் இன்றும் மையத்தை நோக்கி விழுந்தெழும் பாதையிலேயே ஓடுகின்றன.

இரண்டாவது, பெரிய மகெல்லன் முகில் என்ற பக்கத்துக் குட்டி விண்மீன் திரள். மார்கழி, தை இரவுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே அடிவானத்துக்குப் பத்துப் பாகை மேலே அது இருக்கும். பெயரில் முகில்தான், ஆனால் நமது மழை முகில் விட்டால்தானே பார்க்க. அது பால்வீதியையே தன் பக்கம் இழுக்கிறது. நிறுக்கும்போது யாரோ தராசைத் தட்டிக்கொண்டிருப்பது போல, மையமே கொஞ்சம் ஆடுகிறது.

மற்ற விண்மீன் திரள்களையும் இப்படி நிறுக்கலாமா?

நிறுக்கலாம். உண்மையில் அங்கேதான் கொத்துகளின் அருமை தெரியும். கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் தனி விண்மீனைப் பிரித்து நிறமாலை எடுக்க முடியாது. கொத்து ஒரு புள்ளியாகத் தெரியும், நிறமாலை எடுக்கலாம். எம் 87 என்ற ராட்சதத் திரளில் 10,000க்கு மேல் கொத்துகள். தூரம் 5.4 கோடி ஒளியாண்டு. வைகாசி இரவில் அது நமது தலைக்கு ஏறத்தாழ நேர் மேலே நிற்கும். சுழலும் வாயுத்தட்டு இல்லாத இப்படியான திரள்களுக்குக் கொத்துதான் கை கொடுக்கும். ஆனால் குறுக்கு வேகத்தை அங்கே மறந்துவிட வேண்டும். டொப்ளர் மட்டும்தான்.

இதில் நான் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்லும் கதை, என்ஜிசி 1052-டிஎஃப்2 என்ற மங்கிய திரளுடையது. கமராவுக்குப் பூட்டும் நீண்ட லென்சுகளை வரிசையாக அடுக்கிச் செய்த தொலைகாட்டி ஒன்றால் ஆராய்ந்து, பிறகு ஹவாயில் உள்ள கெக் தொலைகாட்டியால் அதன் 10 கொத்துகளின் வேகத்தை அளந்தார்கள். 2018இல் பீட்டர் வான் டொக்கும் குழுவினர் வெளியிட்ட முடிவு: இந்தத் திரளில் இருண்ட பொருள் அநேகமாக இல்லை.

நமது கணக்கிலேயே பார்க்கலாம். சிதறல் செக்கனுக்குச் சுமார் 8 கிலோமீற்றர் என்று வையுங்கள். 8ஐ 30ஆல் பிரித்து வர்க்கிக்க 0.071. மூன்றால் பெருக்க 0.213. கொத்துகள் பரவியிருக்கும் தூரம் ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு, அதாவது 158 கோடி அலகு. விடை 34 கோடி சூரியத் திணிவு. அந்தத் திரளின் விண்மீன்கள் மட்டுமே சுமார் 20 கோடி சூரியத் திணிவு. மிச்சத்துக்கு இடமே இல்லை! சாதாரணமாக இந்த அளவுத் திரளில் விண்மீன்களைப் போலப் பல பத்து மடங்கு இருண்ட பொருள் இருக்க வேண்டும்.

உடனே சண்டை தொடங்கியது. பத்தே பத்துக் கொத்து. அதில் ஒன்று மற்றவற்றை விட்டு விலகி ஓடியது. அதைச் சேர்ப்பதா, குறைத்து மதிப்பதா என்பதிலேயே விடை மாறியது. பத்துப் பேர் எழுதிய சோதனையில் ஒருவருடைய புள்ளி நியம விலகலை எப்படித் தூக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்புறம் தூரத்தில் தகராறு. முதல் குழு சுமார் 6.5 கோடி ஒளியாண்டு என்றது, இன்னொரு குழு 4.2 கோடிதான் என்றது. தூரம் மூன்றில் இரண்டாகக் குறைந்தால் என்ன? கொத்துகள் பரவியிருக்கும் உண்மையான அகலமும் மூன்றில் இரண்டாகும், ஈர்ப்பால் கணிக்கும் திணிவும் அவ்வாறே. ஆனால் விண்மீன்களின் உண்மையான ஒளி தூரத்தின் வர்க்கத்தோடு குறையும், ஒன்பதில் நாலாகிவிடும். ஆகவே விண்மீன் திணிவுக்கும் மொத்தத் திணிவுக்கும் இடைவெளி பெருத்து, இருண்ட பொருள் மெல்ல உள்ளே வந்துவிடும். ஒரே வேகங்கள், ஒரே கொத்துகள், தூரம் மட்டும் வேறு.

2019இல் திரளின் விண்மீன் ஒளியிலிருந்தே சிதறலை அளந்தபோது 8.5 கிலோமீற்றர் வந்தது. 2021இல் ஹபிளால் நீண்ட நேரம் பார்த்து, செம்பூத விண்மீன்களின் உச்சப் பிரகாசத்தை வைத்துத் தூரத்தை 7.2 கோடி ஒளியாண்டு என்று முடிவு கட்டினார்கள். அந்த அளவில் முதல் குழுவின் பக்கம் தராசு சாய்ந்திருக்கிறது. எனக்கும் அந்தப் பக்கம்தான் சரியாகப் படுகிறது.

இருண்ட பொருளே இல்லை, நியூட்டன்தான் பிழை என்றால்?

1983இல் மில்க்றோம் என்ற பௌதிகவியலாளர் அப்படி ஒரு வழி சொன்னார்: ஆர்முடுகல் மிகச் சிறிதாகும்போது ஈர்ப்பு விதியே மாறுகிறது என்று. தட்டுத் திரள்களில் அது ஆச்சரியமாகப் பொருந்தும். ஆனால் விதி மாறினால் எல்லாத் திரளிலும் மாற வேண்டும். டிஎஃப்2 போல இருண்ட பொருளின் அடையாளமே காட்டாத ஒன்று அதற்குத் தலையிடி. பக்கத்துப் பெரிய திரளின் ஈர்ப்பு குறுக்கிடுகிறது என்று மில்க்றோமின் பக்கத்தவர்கள் பதில் சொல்கிறார்கள்.

சோதனைக்கு வருமா, சேர்?

கோளக் கொத்து வராது. வட்ட இயக்கம் வரும், ஈர்ப்புப் புலம் வரும், டொப்ளர் வரும்.

நாங்களே செய்து பார்க்கலாமா?

தாராளமாக. பால்வீதியின் 157 கொத்துகளின் தூரம், திசை, டொப்ளர் வேகம் எல்லாம் அடங்கிய ஹரிஸ் பட்டியலின் 2010 பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. ஒரு எக்செல் தாள் போதும். மையத்திலிருந்து தூரமானவற்றை மட்டும் தெரிந்தெடுங்கள், உள்ளே தட்டோடு சேர்ந்து சுழல்பவற்றைக் கலந்தால் சிதறல் குழம்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை. முதல் வருடம் நானும் நாலு பிள்ளைகளும் மத்தியானம் முழுக்க இருந்து தட்டியதில், பால்வீதி வழக்கத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பாரமாக வந்தது. சூத்திரத்தைச் சரிபார்த்தோம், அலகைச் சரிபார்த்தோம், ஒளியாண்டை இரண்டு தரம் மாற்றிப் பார்த்தோம். பிறகு தேநீர் குடிக்கும்போது ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், பஸ்ஸுக்குள்ள இருந்துதானே அளக்கிறம்?" அதுதான். பட்டியலில் உள்ள வேகம் சூரியனிலிருந்து பார்க்கும் வேகம். சூரியனோ 220 கிலோமீற்றரில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் வீதியோரப் பனைகூட ஓடும். நமது ஓட்டத்தை ஒவ்வொரு கொத்தின் திசைக்கும் ஏற்பக் கூறுபடுத்திக் கழித்த பிறகுதான் எண் ஒழுங்குக்கு வந்தது. அந்தப் பிள்ளையின் கேள்வியை இப்போது தாளின் முதல் வரியிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

ஒமேகா சென்டோரியை எப்போது, எங்கே பார்க்கலாம்?

மே நடுப்பகுதியில் இரவு 10 மணிக்கு, மே கடைசியில் 9 மணிக்கு. முதலில் சித்திரை நட்சத்திரத்தைப் பிடியுங்கள், தெற்குப் பக்கம் நன்றாக உயர்ந்து வெண்ணீலமாக ஒளிரும். அது உச்சத்தில் நிற்கும் நேரத்தில் அதற்கு நேர் கீழே இறங்கி வாருங்கள். கையை நீட்டிப் பிடித்தால் மூன்று முட்டி, அதற்கு மேலே இன்னும் அரை முட்டி இறக்கம். அடிவானத்திலிருந்து எண்ணினால் மூன்று முட்டிக்குக் கொஞ்சம் மேலே. பண்ணைப் பாலத்தின் நடுப்பக்கம் போய், ரவுண் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்டைதீவுப் பக்கம் பார்த்தால் சரி. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் போனைத் தொடாதீர்கள். வாகனம் வந்தால் கண்ணைப் பொத்திக்கொள்ளுங்கள். கடற்காற்றில் லென்சில் உப்பு படியும், துடைக்கப் பழைய பருத்தித்துணி ஒன்று கொண்டுவாருங்கள். நுளம்புத்திரி என்னிடம் இருக்கிறது.